பந்து வீச்சும் நான்கு அதிகாரங்களும்

சென்ற கோடை விடுமுறையில் நான் ஊருக்குச் சென்றிருந்தபொழுது நிகழ்ந்த ஒரு சிறு உரையாடலே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. எங்கள் ஊர் கோரிமேடு. புதுவையினின்று திண்டிவனம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஜிப்மர் மருத்துவமனையைத் தன்பால் கொண்டு, புதுவை எல்லையும் தமிழ்நாட்டு எல்லையும் ஒன்றையொன்று தொடுமிடத்தில் அஃது அமைந்துள்ளது. மாலைப்பொழுதானால் அங்கே வெற்றிடம் கண்டவிடமெல்லாம் சிறுவர் கூடிக் கிரிக்கெட் ஆடுவர். ஒரு நாள், எங்கள் தெருவைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன் ஆட்டத்தில் கலவாது மதிற்சுவரின்மேல் தனியே அமர்ந்திருக்கக் கண்டு, "ஏன் தம்பி, நீ ஆடவில்லையா?" என்று கேட்டேன். "இல்லை அண்ணா. என் பந்தில் வேகம் இல்லையாம். வேகம் இல்லாதவன் பந்து போட்டு என்ன பயன் என்று சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்" என்றான். ஆறுதலாக இரண்டொரு சொல் சொல்லி வந்தேனேயன்றி, அவனுக்குத் தக்க விடை எனக்கு அப்போது தோன்றவில்லை. அவ்விடையைத் தேடிய முயற்சியே இக்கட்டுரை.

அவன் கேட்டது சிறுபிள்ளை வினா அன்று. பந்து எறிவோருள் பலர் ஓரளவு தேர்ச்சி அடைகின்றனர். மிகச் சிலரே எதிர்த்து வருவோர் அனைவரையும் ஆண்டுக்கணக்கில் அடக்கி ஆளுகின்றனர். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? இவ்வினாவை மிக நுணுகி ஆராய்ந்தவர் அமெரிக்கர். அவர்தம் பேஸ்பால் ஆட்டத்தில் தொடக்க எறிவாளர் என்று ஒருவர் உண்டு. ஆட்டத்தின் முதற்பந்தை எறிந்து, பின் தம் கை சோரும் அளவும் எதிரணியின் மட்டையாளர் ஒவ்வொருவரையும் மாறிமாறிச் சந்திப்பவர் அவர். ஒரு நாள் எறிந்தபின் நான்கைந்து நாள் ஓய்வு கொண்டே மீண்டும் களம் புகுவார். அன்றைய வெற்றி தோல்வி பெரும்பாலும் அவர் கையில் இருக்கின்றது. நம் நாட்டில் அவருக்கு நேராக நிற்பவர் கிரிக்கெட் பந்து வீச்சாளரே. பேஸ்பாலில் பந்து தரையில் படாமல் மட்டையாளரை அடையும். கிரிக்கெட்டில் பெரும்பாலும் தரையில் பட்டு எழும்பி அடையும். மடங்கிய முழங்கையை நீட்டி எறிதல் அங்கே முறை, இங்கே குற்றம். இவ்விரு வேறுபாடுகளையும் நீக்கி நோக்கின், இருவர் தொழிலும் ஒன்றே.

தமிழருள் இத்தொழிலில் தலைசிறந்து நின்றவர் இலங்கையின் முத்தையா முரளிதரன். அவர் 1972 ஏப்ரல் 17 அன்று கண்டியில் பிறந்தார். அவருடைய பாட்டனார் தமிழகத்தினின்று இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைக்கச் சென்றவர்; தந்தையார் பிஸ்கட் செய்து விற்கும் தொழில் நடத்தியவர். நம்மைப் போன்றே முரளிதரனும் ஒரு கிறிஸ்தவக் கல்விச்சாலையில் பயின்றார். கண்டிப் புனித அந்தோனியார் கல்லூரியே அது. 1992 முதல் 2010 வரை 133 டெஸ்ட் ஆட்டங்கள் ஆடி அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 800. அவருக்கு அடுத்த நிலையில் உள்ள ஆஸ்திரேலியரான ஷேன் வார்ன் வீழ்த்தியவை 708. ஒரு நாள் ஆட்டங்களில் முரளிதரன் 534 விக்கெட்டுகள் பெற்றார். ஓர் ஆட்டத்திற்கு ஏறத்தாழ 6 விக்கெட் என்னும் கணக்கைப் பதினெட்டு ஆண்டுகள் குறையாது காத்தவர் வேறெவரும் இலர். இவர் வேகப் பந்து வீச்சாளர் அல்லர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் 48 முதல் 51 வரை அடுத்தடுத்து நிற்கின்றன. அவை அரசர்க்கும் அமைச்சர்க்கும் உரைக்கப்பட்டவை. ஆயினும் தேர்வுக்காக அவற்றைப் பயின்றுகொண்டிருந்த நாட்களில் அச்சிறுவனின் வினாவும் என் மனத்தில் இருந்தமையால், இரண்டையும் ஒருங்கு வைத்து எண்ணலானேன். எண்ணுந்தோறும் பொருத்தம் புலப்பட்டது. அம்முறையிலேயே இங்கு எழுதுகின்றேன்.

வலியறிதல்

வேகம் ஒரு வலிமை. அதனை மறுத்தல் பேதைமை. அமெரிக்கரான வால்ட்டர் ஜான்சன் 1907 முதல் 1927 வரை பெரும்பாலும் வேகத்தைக் கொண்டே 417 ஆட்டங்களில் வெற்றி பெற்றார். நோலன் ரயன் 1966 முதல் 1993 வரை 5,714 முறை மட்டையாளரை வீழ்த்தியதற்கும் அவர் கையின் வேகமே முதற்காரணம். ஆனால் வேகமே வல்லமை அன்று. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2008-இல் பேஸ்பால் எறியத்தக்க இளைஞரைத் தேடி இந்தியாவில் ஒரு போட்டி நடைபெற்றது. உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிதலில் பயின்ற ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்னும் இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டு, அமெரிக்கா சென்று, அவ்வாண்டின் இறுதியில் பிட்ஸ்பர்க் அணியோடு ஒப்பந்தம் பெற்றனர். அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலில் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர் அவர்களே. அவர்தம் துணிவும் உழைப்பும் பாராட்டுக்குரியவை. ஆயினும் இருவருள் ஒருவரும் அந்நாட்டின் உயர்ந்த நிலைப் போட்டிகளை எட்டவில்லை. வலிய கை ஒருவனை வாயில் வரை கொண்டு செல்லும். உள்ளே அமர்த்துவது வேறொன்று.

அவ்வேறொன்றின் முதற்படி தன் வலியைத் தானே அறிதல். முரளிதரன் சிறுவயதில் மிதவேகப் பந்து வீசியவர். அவருக்குச் சுமார் 14 வயதாகும்போது, பள்ளியில் பயிற்றுவித்த சுனில் பெர்னாண்டோ, சுழற்பந்து முயலுமாறு அவருக்கு அறிவுரை கூறினார். அவ்வொரு சொல் ஒரு வாழ்க்கையைத் திருப்பியது. முரளிதரனின் வலக்கை முழங்கை பிறவியிலேயே சற்று வளைந்தது. முற்றும் நீட்ட இயலாதது. ஆனால் அவருடைய மணிக்கட்டோ எத்திசையிலும் எளிதில் வளைந்து திரும்பும் இயல்புடையது. அவர் வீசிய வகைப் பந்தை வீசுவோர் பொதுவாக விரல்களாலேயே சுழற்சி தருவர். அவர் மணிக்கட்டின் ஆற்றலையும் அதனோடு சேர்த்தமையால், பிறர் பந்து சிறிதே திரும்பும் களத்திலும் அவர் பந்து மிகுதியாகத் திரும்பிற்று. குறையென்று பிறர் கண்ட கையின் அமைப்பே அவருக்குரிய தனி வழியாயிற்று.

இவ்வாறு குறையை நிறையாக்கினோர் அவர் ஒருவரேயல்லர். மைசூரில் 1945-இல் பிறந்த பி. எஸ். சந்திரசேகர் சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் வலக்கை மெலிந்தவர். மெலிந்த அக்கையாலேயே பந்து வீசி, 1971-இல் லண்டன் ஓவல் களத்தில் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் வீழ்த்தி, இங்கிலாந்து மண்ணில் இந்தியா முதன்முறை டெஸ்ட் வெற்றி பெறச் செய்தார். அமெரிக்காவில் மார்டகாய் பிரவுன் என்பவர் சிறுவராயிருந்தபோது பண்ணை இயந்திரத்தில் அகப்பட்டு விரல் இழந்தவர். குறைபட்ட கையினின்று புறப்பட்ட பந்து, முழுக்கையினர் பந்து வளையாதவாறெல்லாம் வளைந்தது. அவர் 239 ஆட்டங்களில் வெற்றி பெற்றார்.

மிகுந்த வலியுடையோரும் அதனை அளந்து செலவிட அறிதல் வேண்டும். சாண்டி கோபாக்ஸ் என்பவர் 1955-இல் பேஸ்பாலில் நுழைந்து, ஆறாண்டுக்காலம் பெருவேகத்தோடு எறிந்தும், பந்து குறித்த இடத்திற் செல்லாமையால் சிறப்படையவில்லை. 1961-இல் அவர் பந்தைப் பிடிக்கும் தோழரான நார்ம் ஷெரி, அத்துணை வலிந்து எறியவேண்டாம் என்று அறிவுரைத்தார். வேகத்தைச் சிறிது விட்டுக்கொடுத்தபின் பந்து அவர் ஆணைக்கு அடங்கிற்று. 1962 முதல் 1966 வரை அவரினும் மேம்பட்ட எறிவாளர் எவரும் இலர் என்று எல்லோரும் ஒப்பினர். சிறிது குறைத்துப் பெரிது பெற்றார் அவர்.

காலமறிதல்

பேஸ்பால் எறிவாளர் நிற்கும் மேட்டிலிருந்து மட்டையாளர் நிற்கும் இடம் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் எறியப்பட்ட பந்து அத்தொலைவை ஒரு விநாடியில் பத்தில் நான்கு பங்குக் காலத்தில் கடக்கும். கிரிக்கெட்டிலும் வேகப்பந்து மட்டையாளரை அடைய ஏறத்தாழ அரை விநாடியே ஆகும். பந்தைக் காணவும், அதன் போக்கை உணரவும், அடிப்பதா விடுவதா என்று துணியவும், மட்டையை அசைக்கவும் அக்காலத்துக்குள்ளேயே முடிய வேண்டும். ஆதலின் தேர்ந்த மட்டையாளர் பந்தை மட்டும் நோக்குவதில்லை. அது கையை விட்டு நீங்குமுன்னரே தோளையும் மணிக்கட்டையும் விரல்களையும் நோக்கி, வருவது இன்னதென்று முன்னறிந்துகொள்கின்றார். அவரது வல்லமை முழுதும் அம்முன்னறிவைச் சார்ந்தது.

எனவே மட்டையாளரை வெல்லுதற்கு இரண்டு வழிகள் உள்ளன. அவருடைய காலத்தைப் பறித்தல் ஒன்று. இது வேகமுடையார் வழி. காலத்தை அவருக்கே விட்டுவிட்டு, அவருடைய முன்னறிவைப் பொய்யாக்குதல் மற்றொன்று. இது கலையுடையார் வழி. சுழற்பந்து மட்டையாளரை அடைய ஒரு விநாடிக்குச் சற்றே குறைந்த காலம் ஆகின்றது. வேகப்பந்தோடு ஒப்பிடின் இது நீண்ட அவகாசம். ஆயினும் பிழையான எண்ணத்தோடு நிற்பவனுக்கு மிகுந்த அவகாசமும் துணை செய்யாது. தவறு செய்வதற்கே அஃது அவனுக்கு இடமளிக்கும்.

பேஸ்பாலில் மெதுமாற்றுப் பந்து ஒன்று உண்டு. எறிவாளர் கை வேகப்பந்து எறியும் அதே விரைவோடு சுழலும். பந்தோ, பிடித்த பிடியின் வேறுபாட்டால், மெல்ல வரும். மட்டையாளர் முந்திக்கொண்டு வெறுங்காற்றை அடிப்பார். முரளிதரனிடம் இதற்கு நிகரானது தூஸ்ரா என்னும் பந்து. அவருடைய வழக்கமான பந்து தரையில் பட்டபின் வலக்கை மட்டையாளரை நோக்கி உள்ளே திரும்பும். தூஸ்ரா அதே ஓட்டத்தோடும் அதே கைச்சுழற்சியோடும் வந்து வெளிப்புறம் விலகும். தமிழ்நாட்டின் இரவிச்சந்திரன் அஸ்வின் 2011 முதல் 2024 வரை 106 டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட் பெற்றவர். அவரும் இவ்வாறே, நடுவிரலாற் சுண்டிவிடும் சொடக்குப் பந்தைத் தம் மற்றப் பந்துகளினிடையே மறைத்து வீசினார். கேரம் பலகையில் காயைச் சுண்டுவது போன்ற அவ்வித்தை, சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தைக்கொண்டு சிறுவர் ஆடிய ஆட்டத்தில் அவர் கண்டுகொண்டது.

இங்கே நம்மனோர் ஒருவர் எழுந்து, "இது வஞ்சனை அன்றோ? ஒன்றைக் காட்டி மற்றொன்றைச் செய்தல் கிறிஸ்தவ மாணவன் புகழத்தக்கதோ?" என்று வினவலாம். இவ்வினா என்னையும் சில நாள் வருத்தியது. ஆராய்ந்து நான் கண்ட விடை இது. பொய் என்பது நம்பினவனை நம்பிக்கையில் மோசம் செய்தல். பந்து மாறி வரும் என்பதை மட்டையாளர் அறிந்தே களத்தில் நிற்கின்றார். கண்டுபிடித்தல் அவர் தொழில், மறைத்தல் இவர் தொழில் என்பது இருவரும் உடன்பட்ட ஏற்பாடு. அங்கே மீறப்பட்ட வாக்கு ஒன்றுமில்லை. ஆனால் நடுவரும் அறியாமல் பந்தின் மேலேயே தீங்கு செய்வது வேறு. எச்சில் முதலியவற்றைத் தடவி எறிவதைப் பேஸ்பால் 1920-இல் விலக்கியது. 2018-இல் கேப் டவுனில் உப்புத்தாளால் பந்தைத் தேய்க்க முயன்ற ஆஸ்திரேலிய வீரர்கள் தண்டிக்கப்பட்டனர். முன்னது கலை, பின்னது களவு. இரண்டிற்கும் இடையே உள்ள எல்லை, எதிரியும் ஒப்புக்கொண்ட விதியே.

காலமறிதலில் இன்னும் ஒரு பகுதி உண்டு. அது நெடும்பொழுது நிலைத்தல். ஒரே எறிவாளரை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் சந்திக்கும் மட்டையாளர் முன்னினும் தெளிவாக ஆடுவர் என்பது பேஸ்பாலார் கண்ட உண்மை. ஆதலின் ஒரே வித்தையுடையவர் தொடக்கத்தில் வெல்வார். பல வித்தையுடையவரே இறுதிவரை வெல்வார். 1998 ஆகஸ்டில் ஓவல் களத்தில் இலங்கைத் தலைவர் அர்ஜுன ரணதுங்க நாணயச் சுழற்சியில் வென்றும் இங்கிலாந்தையே முதலில் ஆடுமாறு விடுத்தார். முரளிதரன் முதல் இன்னிங்ஸில் 59.3 ஓவர் வீசி 155 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டும், இரண்டாம் இன்னிங்ஸில் 54.2 ஓவர் வீசி 65 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டும் பெற்றார். இரண்டாம் இன்னிங்ஸில் எஞ்சிய ஒருவரும் ஓடுகையில் ஆட்டமிழந்தவர். இங்கிலாந்தார் அவர் கையை ஏறத்தாழ அறுபது ஓவர் கண்டபின்னரும் அறிந்துகொள்ளவில்லை. முன்னினும் மோசமாக வீழ்ந்தனர் என்பதையே இவ்வெண்கள் உரைக்கின்றன. இலங்கை பத்து விக்கெட் வேறுபாட்டில் வென்றது.

இடனறிதல்

புதுவையில் பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற ஆட்டம் ஒன்று இன்றும் வழங்குகின்றது. பெத்தாங்க் என்பது அதன் பெயர். சிறிய குண்டு ஒன்றைத் தரையில் இட்டு, இரும்புக் குண்டுகளை அதற்கு அருகே விழுமாறு எறிவதே ஆட்டம். அங்கே இளைஞரின் புயவலி பயன்படுவதில்லை. குண்டு விழும் இடத்தை விரல் நுனியில் உணர்ந்த முதியவர் எளிதாக வெல்வர். பந்து வீச்சின் மூன்றாம் இரகசியத்தை இவ்வாட்டம் நமக்குக் காட்டுகின்றது. எத்துணை அரிய பந்தாயினும் விழவேண்டிய இடத்தில் விழாவிடின் அது மட்டையாளர்க்கு அளித்த விருந்தே.

பேஸ்பாலில் இதற்குச் சிறந்த உதாரணம் கிரெக் மேடக்ஸ். தம் காலத்து வேகமுடையாரோடு ஒப்பிட அவர் வேகம் நடுத்தரமே. ஆயினும் 17 அங்குல அகலமுள்ள இலக்குத் தட்டின் இரு ஓரங்களையும் தொட்டுத் தொட்டு எறியவல்லவர் அவர். இலக்குக்கு வெளியே நான்கு பந்து எறிந்தால் மட்டையாளர் அடிக்காமலே ஓரிடம் முன்னேறலாம் என்பது அவ்வாட்ட விதி. 1995-இல் மேடக்ஸ் ஏறத்தாழ 210 இன்னிங்ஸ் எறிந்து 23 பேருக்கு மட்டுமே அவ்வாறு இடங்கொடுத்தார். வாழ்நாளில் அவர் பெற்ற வெற்றிகள் 355. முரளிதரனோ டெஸ்ட் ஆட்டங்களில் 44,039 பந்துகள் வீசி, ஓர் ஓவருக்குச் சராசரி இரண்டரை ஓட்டத்திற்கும் குறைவாகவே கொடுத்தார். விக்கெட் விழாத நேரத்திலும் ஓட்டம் எடுக்கவிடாமல் நெருக்கினமையால், பொறுமையிழந்த மட்டையாளர் தாமே தவறு செய்தனர்.

இடம் என்பது தரை மட்டுமன்று, காற்றும் இடமே. சுழன்று செல்லும் பந்தின் ஒரு பக்கத்தில் காற்று விரைந்தும் மறுபக்கத்தில் தயங்கியும் செல்வதால் பந்து நேர்வழியினின்று விலகும். 1852-இல் இதனை ஆராய்ந்து விளக்கிய ஜெர்மானிய அறிஞர் மாக்னஸ் பெயரால் இதனை மாக்னஸ் விளைவு என்பர். முன்னோக்கி உருளும் சுழற்சி மிகுந்த பந்து எதிர்பார்த்ததற்கு முன்னரே தாழ்ந்து விழும். தம் அருகே விழும் என்று முன்காலெடுத்து வைத்த மட்டையாளர், பந்து எட்டாத இடத்தில் விழக்கண்டு திகைப்பார். முரளிதரன் பந்து தரையில் திரும்புமுன்னரே காற்றில் ஏமாற்றும் என்பதற்கு இதுவே காரணம். வீசியவர் தாமே முற்றும் வென்றார் என்பதும் இல்லை. பந்து மட்டையின் ஓரத்தைத் தொட்டால் எங்கே பறக்கும் என்று கணித்து, அங்கே ஒருவரை நிறுத்துதலும் இடனறிதலே. மகேல ஜயவர்தன மட்டும் டெஸ்ட் ஆட்டங்களில் முரளிதரன் பந்தில் 77 முறை பிடித்திருக்கின்றார். தனிச்சிறப்பு என்று நாம் புகழ்வதில் தோழர் பங்கு எத்துணை என்பதை இவ்வெண் நினைவூட்டும்.

தெரிந்துதெளிதல்

நான்காம் அதிகாரம் வீசுவோர்க்கன்று, அவரை மதிப்பிடும் நமக்கே உரியது. ஒருவரை ஆராய்ந்து, ஆராய்ந்தபின் தெளிந்து, தெளிந்தபின் ஐயுறாதிருத்தல் அதன் சாரம். 1995 டிசம்பர் 26 அன்று மெல்பர்ன் நகரில் நடுவர் டாரல் ஹேர், முரளிதரன் பந்தை வீசவில்லை, கையை மடக்கி எறிகின்றார் என்று கருதி, ஏழு முறை குற்றம் சாற்றினார். பல்லாயிரவர் முன்னிலையில் 23 வயது இளைஞர் ஒருவர் தம் வாழ்க்கைத் தொழிலிலேயே வஞ்சகர் என்று சுட்டப்படுதல் எத்தகைய துன்பம் என்று எண்ணிப்பாருங்கள். 1999 ஜனவரியில் அடிலெய்டில் மற்றொரு நடுவர் அவ்வாறே செய்ய, ரணதுங்க தம் அணியினரைக் களத்தின் எல்லைவரை அழைத்துச் சென்று எதிர்ப்புத் தெரிவித்தார்.

இதற்கிடையே, 1996-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் முரளிதரனின் கை கருவிகளால் அளந்து ஆராயப்பட்டது. நீட்ட இயலாத முழங்கையும், சுழலும் தோளும், துள்ளும் மணிக்கட்டும் ஒருங்கே அசைவதால், எறிவது போன்ற தோற்றம் கண்ணுக்கு உண்டாகின்றது என்று அறிஞர் தெளிந்தனர். 2004-இல் தூஸ்ராவைப்பற்றி மீண்டும் ஐயம் எழுந்தது. அவரோ தம் முழங்கையை மடங்கவொட்டாத உறுதியான கட்டு ஒன்றை அணிந்து, படக்கருவிகளின் முன் பந்து வீசிக்காட்டினார். அக்காலத்து விதி சுழற்பந்துக்கு 5 பாகை, வேகப்பந்துக்கு 10 பாகை என்ற அளவுக்கே முழங்கை நீளுதலைப் பொறுத்தது. பின்னர், குற்றமற்றவர் என்று எல்லோரும் கருதிய வீச்சாளர் பலரையும் நுண்ணிய படக்கருவியால் ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் கையும் கண்ணுக்குத் தெரியாமல் சற்று நீள்வது வெளிப்பட்டது. ஆகவே 2005 மார்ச் முதல் எல்லோர்க்கும் 15 பாகை என்ற ஒரே அளவு விதியாயிற்று.

ஒருவருக்காக விதியைத் தளர்த்தினர் என்று குறைகூறுவோர் இன்றும் உளர். பேஸ்பால் வரலாற்றில் எறிவாளர் காரணமாக விதி மாறியதுண்டு. 1968-இல் பாப் கிப்சன் முதலியோர் மட்டையாளரை முற்றும் ஒடுக்கினமையால், 1969-இல் எறிவாளர் நிற்கும் மேட்டின் உயரம் 15 அங்குலத்தினின்று 10 அங்குலமாகத் தாழ்த்தப்பட்டது. ஆனால் அங்கே நோக்கம் ஆட்டத்தின் சமநிலை. இங்கே நோக்கம் உண்மை. ஒருவர் கையை அளக்கத் தொடங்கி, எல்லோர் கையையும் அளந்து, பழைய விதி கண்ணின் மயக்கத்தின்மேல் நின்றது என்று கண்டு திருத்தினர். தோற்றத்தைக்கொண்டு தீர்ப்புச் செய்தலாகாது என்று நாம் ஞாயிறு பள்ளியிற் கேட்ட போதனைக்கு இதனினும் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது. அவ்வாண்டுகள் முழுதும் முரளிதரன் செய்தது ஒன்றே. சோதிக்க வேண்டுமென்றபோதெல்லாம் சோதனைக்கு உடன்பட்டார். சோதனை முடிந்ததும் மீண்டும் பந்தை எடுத்தார்.

முடிபு

2010 ஜூலையில் காலி நகரில் இந்தியாவுக்கு எதிரான ஆட்டத்தோடு டெஸ்டிலிருந்து விலகுவதாக அவர் முன்னரே அறிவித்துவிட்டார். அப்போது அவர் பெற்றிருந்தவை 792. ஓர் ஆட்டத்தில் எட்டு விக்கெட் வேண்டும். கிடைக்காவிடினும் விலகல் உறுதி. முதல் இன்னிங்ஸில் ஐந்தும் இரண்டாம் இன்னிங்ஸில் இரண்டும் கிடைத்தன. இந்தியாவின் கடைசி விக்கெட் ஒன்றே எஞ்சியது. அவருக்கும் ஒன்றே எஞ்சியது. ஜூலை 22 அன்று, பிரக்யான் ஓஜாவின் மட்டையைத் தொட்ட பந்தை ஜயவர்தன பிடித்தார். 800 நிறைந்தது. டெஸ்ட் ஆட்டத்தில் அவர் வீசிய கடைசிப் பந்தும் அதுவே.

ஆகவே அச்சிறுவன் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். வல்லமை வேகத்தில் இல்லை, அறிதலில் உள்ளது. தன் உடம்பின் இயல்பை அறிந்து, எதிரியின் முன்னறிவை அறிந்து, பந்து விழும் இடத்தை அறிந்து, அவ்வறிவு விரல்களுக்கே பழக்கமாகுமட்டும் நாள்தோறும் உழைப்பவன் வல்லவன் ஆகின்றான். வேகமுடையான் இவற்றையும் கற்றால் பெருஞ்சிறப்பு. கல்லாதவன் வேகம் வயதோடு கழியும். வேகமில்லாதவனுக்கோ வாயில் அடைக்கப்படவில்லை. எனக்கு ஐந்து தாலந்து இல்லையே என்று அஞ்சி, இருக்கும் ஒன்றை மண்ணிற் புதைத்தவன் கதை நாம் அறிந்ததே. அவன் கடிந்துகொள்ளப்பட்டது குறைவாகப் பெற்றதற்காக அன்று, பெற்றதைப் பயன்படுத்தாமைக்காக. மாணவராகிய நமக்கும் இது பொருந்தும். விரைந்து கற்கும் தோழரைக் கண்டு நம்மில் எத்துணைப் பேர் மதிற்சுவரின்மேல் சென்று அமர்ந்துவிடுகின்றோம்!

2018-19 முதல் புதுவைக்கும் ரஞ்சிக் கோப்பைப் போட்டிகளில் தனி அணி உண்டு. கோரிமேட்டுச் சிறுவனுக்கும் வழி திறந்தே இருக்கின்றது. அவன் அவ்வழியில் எவ்வளவு தூரம் செல்வான் என்பது என்னாற் சொல்லக்கூடியதன்று. அடுத்த விடுமுறையில் ஊர் சென்றவுடன் அவனைச் சுவரினின்று இறக்கி, கையிற் பந்தைக் கொடுத்து, "தம்பி, முரளிதரன் வேகத்தை விட்டுச் சுழற்பந்து வீசத் தொடங்கிய வயது உன் வயதுதான், வா, நான் மட்டை பிடிக்கின்றேன்" என்று சொல்லுவேன். அவன் என்னை வீழ்த்தினால் இக்கட்டுரை எழுதிய பயனை நான் அடைந்தவனாவேன்.